பவர் டில்லர் சக்கரம் இறுகிக்கொண்டதா? சம்மட்டியை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மேட்டூர் அணையில் இருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால், எல்லா ஆண்டும் அப்படியே நடப்பதில்லை. 2022-ல் மே 24-ம் தேதியே அணை திறக்கப்பட்டது. மே 27-ல் கல்லணையும் திறந்தாகிவிட்டது. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வந்த அன்றே வண்டியை வயலில் இறக்கும் நிலையில் வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சொந்தமாகப் பவர் டில்லர் வைத்திருக்கும் விவசாயிகள் பலருக்கும் தண்ணீர் வந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரியவருகிறது. கோடை உழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும் போட்ட ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு, தொழி ஓட்டுவதற்கு இரும்புச் சக்கரம் மாட்ட வேண்டும். போல்ட்டுகளை எல்லாம் கழற்றியாகிவிட்டது. சக்கரம் மட்டும் ஆக்ஸிலை விட்டு அசைய மறுக்கிறது.

அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சம்மட்டி வரும். நான்கு பேர் கூடுவார்கள். ஓங்கி அடிப்பார்கள். சக்கரம் வராது. ஹப் விரிசல் விடும், ஆக்ஸில் முனை பூப்போல விரிந்துவிடும், ஆயில் சீல் கிழியும், பேரிங் அடிவாங்கும். ஒரு பாட்டில் எண்ணெயும் இரண்டு நாள் பொறுமையும் போதுமாக இருந்த வேலை, கியர் பாக்ஸைப் பிரிக்கும் வேலையாக மாறிவிடும். அதுவும் நாற்றங்கால் தயாராகி, எல்லா மெக்கானிக்குகளும் மும்முரமாக இருக்கும் நேரத்தில்.

குறுவையில் இந்தத் தாமதம் சாதாரண விஷயம் அல்ல. குறுவைக்கு நாம் பயிரிடுவது 105 முதல் 120 நாட்களுக்குள் முடியும் குறுகிய கால ரகங்கள். நடவு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அறுவடையை வடகிழக்குப் பருவமழையை நோக்கித் தள்ளுகிறது. ஈரநெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வைத்துக்கொண்டு தவிப்பதற்கான காரணங்களில் ஒன்று, ஜூன் மாதத்தில் தொலைத்த அந்த ஐந்தாறு நாட்களாகவும் இருக்கலாம். எனவே, இறுகிய சக்கரத்தை வண்டிக்குச் சேதம் இல்லாமல் கழற்றுவது எப்படி, மறுபடி இறுகாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சக்கரம் ஏன் இறுகுகிறது?

நம் பகுதியில் ஓடும் பவர் டில்லர்களில் பெரும்பாலானவற்றில் ஆக்ஸில் உருண்டையாக இருக்காது. ஆறு பட்டையாக இருக்கும். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பிலும் அதே போன்ற ஆறு பட்டைத் துளை இருக்கும். ஹப்பை ஆக்ஸிலில் செருகி, போல்ட் அல்லது பின் போட்டு நிறுத்துவார்கள். சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டிக் குறைக்க வசதியாகத்தான் இந்த அமைப்பு. செருகுவதற்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும் அல்லவா? அந்த மெல்லிய இடைவெளிதான் துருவுக்கு வீடாகிவிடுகிறது.

தொழி ஓட்டும்போது சேற்றுத் தண்ணீர் அந்த இடைவெளிக்குள் போகிறது. உழவு முடிந்ததும் வண்டியைக் கொட்டகையில் சேற்றோடு நிறுத்திவிடுகிறோம். நம் களிமண் வெளியே காய்ந்தாலும் உள்ளே பல நாள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்கிறது. வெளியில் இருக்கும் துரு உதிர்ந்துவிடும். இடைவெளிக்குள் இருக்கும் துருவுக்குப் போக இடம் இல்லை. அது ஹப்பையும் ஆக்ஸிலையும் ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடுகிறது.

இதை வேகப்படுத்தும் காரணங்கள் மூன்று.

1. உப்பு. வேதாரண்யம், தலைஞாயிறு, கீழ்வேளூர் போன்ற கடலோரக் கடைமடைப் பகுதிகளில் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு அதிகம். உப்பு நீர் பட்ட இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும்.

2. உரம். உர மூட்டைகளையும் வண்டியையும் ஒரே கொட்டகையில் வைப்பது பல வீடுகளில் வழக்கம். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒருவகை உப்புதான். டிரெய்லரில் உரம் ஏற்றும்போது சக்கரத்தில் சிந்தினாலும் இதே கதைதான்.

3. நீண்ட ஓய்வு. சம்பா, தாளடி அறுவடைக்குப் பிறகு உளுந்து, பயறு வயலில் இருக்கும் மாதங்களில் பல வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. மாசியில் லேசாகப் பிடித்த துரு, வைகாசிக்குள் நன்றாக இறுகிவிடும்.

கழலவில்லையா, சுழலவில்லையா?

வேலையைத் தொடங்கும் முன் பிரச்சினை என்ன என்பதைப் பிரித்துப் பாருங்கள். வண்டியை நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் ஆக்ஸிலை விட்டு வர மறுக்கிறது என்றால், அது ஹப் இறுகிய பிரச்சினை. இந்தக் கட்டுரையில் சொல்லும் வழிகள் அதற்குத்தான்.

நியூட்ரலில் தள்ளியும் சக்கரம் சுற்றவே இல்லை என்றால் கதை வேறு. பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், கியர் முழுதாக விலகாமல் இருக்கலாம், பேரிங் பிடித்திருக்கலாம், கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் என்ஜினை ஓட்டிச் சக்கரத்தை வலுக்கட்டாயமாகச் சுற்றவைக்காதீர்கள். மெக்கானிக்கிடம் காட்டுவதே சரி.

என்னென்ன வேண்டும்?

கம்பி பிரஷ், சரியான அளவு ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், ஒரு சிறிய சுத்தியல், ஒரு கனமான சுத்தியல், ஜாக்கி, உறுதியான மரக்கட்டைகள், துருநீக்கும் ஸ்பிரே, சட்டத்துடன் கூடிய புல்லர். இவற்றில் புல்லரைத் தவிர மற்றவை வீட்டிலேயே இருக்கும் அல்லது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். புல்லரை மெக்கானிக்கிடம் ஒரு நாள் இரவல் வாங்கலாம்.

துருநீக்கும் ஸ்பிரே கிடைக்காவிட்டால் டீசலைப் பயன்படுத்தலாம். வேலை செய்யும், ஆனால் நேரம் கூடுதலாக எடுக்கும். பட்டறைகளில் அசிட்டோனையும் ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் சம அளவு கலந்து பயன்படுத்துவார்கள். அது நன்றாக உள்ளே இறங்கும். ஆனால், அசிட்டோன் பெட்ரோலைப் போலவே சட்டென்று தீப்பிடிக்கும். திறந்தவெளியில் மட்டும் கையாளுங்கள். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். அது துருவோடு நல்ல இரும்பையும் அரிக்கும். கழுவிய பிறகும் இடுக்கில் தங்கி மறுபடி துருவை வளர்க்கும்.

முன்னேற்பாடு

வண்டியை மேடான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, டீசல் குழாயை மூடுங்கள். வைக்கோல்போரும் களத்துச் சருகும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ரோட்டவேட்டரைத் தரையில் ஊன்றி, முன் ஸ்டாண்டையும் போடுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. தூக்கிய உடனே அடியில் மரக்கட்டை அடுக்குங்கள். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ நம்பாதீர்கள். அவை திடீரென நொறுங்கும். சுத்தியல் வேலை செய்பவர் கண்ணாடி அணிவது அவசியம். துருத்தூளும் வார்ப்பிரும்புச் சில்லும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

முதல் நாள்: சுத்தம், எண்ணெய், காத்திருப்பு

ஹப்பைச் சுற்றியுள்ள காய்ந்த சேற்றைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். காய்ந்த பிறகு கம்பி பிரஷ்ஷால் ஆக்ஸில் முனையையும், ஹப்பும் ஆக்ஸிலும் சேரும் இடத்தையும் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். சேறு அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளே போகாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்ஸிலில் துரு மேடு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். ஹப் அந்த மேட்டின் மேல்தான் நகர்ந்து வரவேண்டும்.

அடுத்து போல்ட்டுகள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும். ரிங் ஸ்பேனரை மட்டும் பயன்படுத்துங்கள். துருப்பிடித்த போல்ட்டை நேரடியாகத் திறக்க முயலாமல், முதலில் இம்மியளவு இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி உடைந்ததும் திறப்பது எளிது. நீளமான பைப்பைப் போட்டு ஒரே மூச்சில் திருகினால் போல்ட் தலை முறிந்து கையோடு வரும்.

ஹப்பை நிறுத்தும் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். ஆக்ஸில் முனையில் இருக்கும் பின்னை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். ஆக்ஸிலின் வெளிமுனை சற்று மேல்நோக்கி இருந்தால் எண்ணெய் தானாக உள்ளே இறங்கும். இடைவெளியைச் சுற்றிப் பிசைந்த களிமண்ணால் சிறு வரப்பு கட்டுங்கள். அதற்குள் எண்ணெயை விட்டால் வழிந்து ஓடாமல் தேங்கி நின்று ஊறும். போல்ட் துளைகளிலும் எண்ணெய் விடுங்கள். டயரில் டீசல் பட்டால் துடைத்துவிடுங்கள்.

எண்ணெய் விட்டதும் சிறிய சுத்தியலால் ஹப்பைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். இந்தத் தட்டல் சக்கரத்தை வெளியே தள்ளுவதற்காக அல்ல, அதிர்வு கொடுப்பதற்காக. அதிரும்போது துருவில் நுண்ணிய விரிசல்கள் விழும். எண்ணெய் அதன் வழியே உள்ளே போகும். காலை, மதியம், மாலை என மூன்று முறை எண்ணெய் விட்டு, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் தட்டுங்கள். பிறகு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நாம் தூங்கும்போதும் எண்ணெய் வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டாம் நாள்: ஆட்டி அசைப்பது

களிமண் வரப்பை எடுத்துவிட்டு, சக்கரத்தைத் தரையில் இறக்குங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கொடுத்த கட்டைகளையும் எடுத்துவிட்டு, முன் ஸ்டாண்டை மடக்குங்கள். போல்ட் தளர்ந்திருக்க வேண்டும். முனையில் பின் இருக்க வேண்டும். என்ஜின் அணைந்த நிலையிலேயே கீழ் கியரைப் போடுங்கள். இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கியர் பிடித்திருப்பதால் ஆக்ஸில் நிற்கும். தரையில் ஊன்றிய சக்கரம் திரும்பப் பார்க்கும். இந்த இழுபறியில் ஹப்புக்குள் இருக்கும் துரு நொறுங்கும். இருபது, முப்பது முறை ஆட்டிவிட்டு, மறுபடி எண்ணெய் விட்டு ஆட்டுங்கள். பல வண்டிகளில் இந்தக் கட்டத்திலேயே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். துரு விட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு வண்டியை மறுபடி தூக்கிக் கட்டை கொடுத்துவிட்டு, பின்னைக் கழற்றிச் சக்கரத்தை இடமும் வலமும் திருகியபடியே இழுத்தால் வந்துவிடும்.

வரவில்லை என்றால், அவசரப்பட்டு அடிக்காமல், டயரோடு இருக்கும் ரிம்மை ஹப்பிலிருந்து தனியாகக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ரிம், ஹப்புடன் தனிப் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். ரிம் போய்விட்டால் ஹப் மட்டும் ஆக்ஸிலில் நிற்கும். வேலை செய்ய இடம் கிடைக்கும், புல்லர் மாட்டலாம்.

சில ஹப்புகளில் ஆக்ஸிலைக் கவ்விப் பிடிப்பதற்காக ஒரு பிளவு இருக்கும். கவ்வும் போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு, அந்தப் பிளவில் ஒரு உளியை வைத்து மெதுவாகத் தட்டினால் பிடி கொஞ்சம் தளரும். மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஹப் வார்ப்பிரும்பாக இருந்தால் அதிகம் விரித்தால் வெடித்துவிடும்.

தட்டும் வேலையை வலுவாகச் செய்ய வேண்டுமானால் இரண்டு சுத்தியல் முறையைப் பின்பற்றுங்கள். ஹப்பின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைகொடுத்து ஒருவர் பிடித்துக்கொள்ள, நேர் எதிர்ப்பக்கத்தில் மற்றவர் தட்ட வேண்டும். அடியின் விசை ஹப்பிலேயே தங்கும், பேரிங்குக்குப் போகாது.

மூன்றாம் நாள்: புல்லர்

புல்லரின் கொக்கிகளை ஹப்பின் பின்புறம் மாட்டி, நடுத் திருகை ஆக்ஸில் முனையின் மையத்தில் ஊன்றுங்கள். முனையில் செம்பு அல்லது பித்தளைத் துண்டு ஒன்றை வைத்தால் ஆக்ஸில் சேதமாகாது. கொக்கி பிடிக்க இடம் இல்லாத ஹப்புகளுக்கு, ஹப்பில் ரிம் மாட்டும் துளைகளுக்குப் பொருந்துமாறு ஒரு கெட்டித் தகட்டில் துளையிட்டு, நடுவில் ஒரு திருகும் வைத்து லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஊரில் நான்கைந்து வண்டிகள் இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்து வைத்துக்கொள்வது நல்லது.

நடுத் திருகை நன்றாக இறுக்கி, அப்படியே விட்டு, ஹப்பைச் சுற்றித் தட்டுங்கள். எண்ணெய் விடுங்கள். அரை மணி நேரம் கழித்து இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். மீண்டும் தட்டுங்கள். இழுவையும் அதிர்வும் சேரும்போதுதான் ஹப் நகரும். புல்லருக்கு நேர் எதிரில் யாரும் நிற்க வேண்டாம். திருகு நழுவினால் புல்லர் பாய்ந்து வரும். ஹப் ஒரு நூல் அளவு வெளியே வந்துவிட்டால், புல்லரைத் தளர்த்தி, ஹப்பை மறுபடி உள்ளே தட்டி, எண்ணெய் விட்டு, மீண்டும் இழுங்கள். இப்படி உள்ளேயும் வெளியேயும் நகர்த்தினால் துருத்தூள் வெளியேறி வழி கிடைக்கும்.

கியர் பாக்ஸுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஜாக்கியையோ கடப்பாரையையோ வைத்து நெம்புவது கூடவே கூடாது. கியர் பாக்ஸ் உறை வார்ப்பினால் ஆனது. அது விரிசல் விட்டால் செலவு மட்டுமல்ல, அந்தப் பருவமே போய்விடும்.

சூடு வைப்பது: கவனம் தேவை

புல்லருக்கும் மசியவில்லை என்றால் அடுத்த வழி சூடு. ஹப்பைச் சூடாக்கினால் அதன் துளை விரியும். 40 மி.மீ. அகலமுள்ள துளையை 150 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் சுமார் 0.07 மி.மீ. விரியும். ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஆனால், துருவின் பிடி தளர அது போதும். ஆக்ஸில் சூடாகும் முன் ஹப் சூடாக வேண்டும் என்பதே இதில் உள்ள சூட்சுமம். எனவே, கேஸ் வெல்டிங் தெரிந்த, அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு மட்டும் செய்யுங்கள்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. டயர் மாட்டிய ரிம்மின் மீதோ, அந்த ரிம் இணைந்திருக்கும் ஹப்பின் மீதோ ஒருபோதும் தீ வைக்காதீர்கள், வெல்டிங்கும் செய்யாதீர்கள். சூட்டில் டயரின் உட்புற ரப்பர் சிதைந்து வாயு உண்டாகும். அது தீப்பற்றி டயர் குண்டுபோல் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோமே என்று நினைப்பதும் பாதுகாப்பு அல்ல. தீயை அணைத்துச் சற்று நேரம் கழித்தும் வெடிக்கலாம். ரிம்மையும் டயரையும் முழுதாகக் கழற்றித் தூர வைத்த பிறகே ஹப்புக்குச் சூடு வைக்க வேண்டும். ரிம் தனியாகக் கழலாத வண்டி என்றால், சூடு வைக்கும் யோசனையையே விட்டுவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு நாளாக நாம் ஊற்றிய எண்ணெயும் தீப்பிடிக்கக் கூடியதுதான். அதைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு பொழுது காயவிடுங்கள். அசிட்டோன் கலவை பயன்படுத்தியிருந்தால் குறைந்தது ஒரு நாள் விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். கியர் பாக்ஸ் பக்கம் ஆக்ஸிலைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் ஆயில் சீல் கருகாமல் தப்பும்.

தீயை ஒரே இடத்தில் காட்டாமல் ஹப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். சிவக்கும்வரை சூடாக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துள்ளிப் பொரிய வேண்டும். அந்த அளவு போதும். உடனே புல்லரை இறுக்குங்கள். வரவில்லை என்றால் தீயை அகற்றிவிட்டு, ஹப் சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியை இடைவெளியில் வைத்துத் தேயுங்கள். உருகிய மெழுகு உள்ளே உறிஞ்சப்பட்டு வழுவழுப்பைத் தரும். சூடான வார்ப்பிரும்பின் மீது தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்காதீர்கள், விரிசல் விழும்.

கடைசி வழி

எதற்கும் அசையாத ஹப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் எதைக் காப்பாற்றுவது, எதை இழப்பது என்பதில் தெளிவாக இருங்கள். ஹப் விலை குறைந்த, தனியாகக் கிடைக்கும் பாகம். ஆக்ஸிலை மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸில் கைவைக்க வேண்டும். எனவே ஹப்பைப் பலிகொடுத்து ஆக்ஸிலைக் காப்பாற்றுங்கள். கிரைண்டரால் ஹப்பை நீளவாக்கில், ஆக்ஸிலைத் தொடாமல் முக்கால் பங்கு ஆழம் வெட்டி, வெட்டில் உளியை வைத்துத் தட்டினால் பிளந்துவிடும். வெட்டும் முன் புது ஹப் கடையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சக்கரம் வந்த பிறகு

சக்கரம் கழன்ற மகிழ்ச்சியில் இரும்புச் சக்கரத்தை உடனே மாட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

- ஆக்ஸிலின் ஆறு பட்டைகளும் கூர்மையாக இருக்கின்றனவா? முனைகள் மழுங்கியிருந்தால் சக்கரம் ஆட்டம் கொடுக்கும். ஆட்டத்தோடு சேற்றில் ஓட்டினால் மீதமிருக்கும் பட்டைகளும் தேயும்.
- கியர் பாக்ஸ் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? இருந்தால் ஆயில் சீலை இப்போதே மாற்றுங்கள். எண்ணெய் வெளியே வரும் வழியில்தான் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும்.
- ஆக்ஸிலையும் ஹப்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, நல்ல கிரீஸை எல்லாப் பட்டைகளிலும் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாத வகையைக் கேட்டு வாங்குங்கள். உப்பு மண் பகுதியினர் செம்புத்தூள் கலந்த பேஸ்ட் கிடைத்தால் பயன்படுத்தலாம்.
- மழுங்கிய போல்ட், நட்டுகளை மாற்றுங்கள். தலையில் 8.8 என்று பொறித்த, உறுதியான போல்ட்டாக வாங்குங்கள்.
- மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள்.

வடிந்த டீசலையும் பழைய எண்ணெயையும் வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். ஒரு டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

மறுபடி இறுகாமல் இருக்க

சக்கரம் இறுகுவது தொழி ஓட்டும் நாளில் அல்ல. ஓட்டி முடித்து நிறுத்தும் நாளில்தான். எனவே, பருவ வேலை முடிந்த அன்றே இதைச் செய்யுங்கள்.

வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆயில் சீல் இருக்கும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். சக்கரங்களைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, புது கிரீஸ் தடவி மாட்டுங்கள். உர மூட்டை இல்லாத இடத்தில், கூரைக்கு அடியில், ஈரத்தரையில் படாமல் கட்டை மேல் நிறுத்துங்கள். வண்டி ஓய்வில் இருக்கும் மாதங்களில், மாதம் ஒரு முறை ஹப் போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தை ஓர் அங்குலம் வெளியே இழுத்து மறுபடி தள்ளிவிடுங்கள். அசைகிற சக்கரம் இறுகாது.

மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். அங்கே ஹப்பின் நடு விளிம்பில் ரிம் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளைப் பாதிச் சுற்று மட்டும் தளர்த்தி, எண்ணெய் விட்டு, தட்டி ஊறவையுங்கள். போல்ட்டுகளை முழுதாகக் கழற்றிவிட்டு அடியில் படுத்து உதைக்காதீர்கள். சக்கரம் திடீரென்று விடுபட்டால் வண்டி உங்கள் மேல் சாயும். களையெடுக்கும் பவர் வீடரில் பின்னைக் கழற்றியும் பிளேடு வராவிட்டால், எண்ணெயும் தட்டலும் ஒரு நாள் பொறுமையும் போதும். அதன் கியர் பெட்டி சிறியது; கனத்த அடியைத் தாங்காது.

உதவி எங்கே கிடைக்கும்?

உங்கள் பகுதியின் வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் வண்டிப் பராமரிப்பு பற்றிக் கேட்கலாம். முயன்றும் வண்டி தயாராகவில்லை என்றால் நடவைத் தள்ளிப்போடாமல், உழவன் செயலி மூலம் துறையின் இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்யுங்கள். தண்ணீர் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதால், சந்தேகம் வந்த அன்றே பதிவு செய்வது நல்லது. திருவாரூர் மாவட்ட விவசாயிகள் நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

மொத்தத்தில், இறுகிய சக்கரத்தைக் கழற்ற மூன்று நாள் தேவைப்படும். அந்த மூன்று நாள் சித்திரையில் உங்களிடம் இருக்கிறது. தண்ணீர் வந்த பிறகு இருக்காது. உளுந்து, பயறு அறுவடை முடிந்ததும் ஒரு முறை இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் பாருங்கள். எளிதாக வந்தால் கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். வராவிட்டால் எண்ணெய் விட்டு ஊறவைக்க உங்களுக்கு நாள் இருக்கிறது. மாசியில் கழுவி வையுங்கள்; சித்திரையில் கழற்றிப் பாருங்கள். மேட்டூர் எந்தத் தேதியில் திறந்தாலும் உங்கள் வண்டி முதல் ஆளாக வயலில் இறங்கும்.